பெயருக்கு முன்னால்

குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்து
சாலையோடு கேபிளும் போன மூன்றாம் நாள்.
கோத்தகிரியில், என் திரையில்,
ஒரு நீலப் பட்டை அறுபத்து மூன்று சதவீதத்தில் நிற்கிறது.
நகரவும் மாட்டேன் என்கிறது,
தோற்றேன் என்று சொல்லவும் மாட்டேன் என்கிறது.

எனக்கு வேண்டியது ஒரேயொரு ப்ளக்இன்.
அது வந்தால் 'புதிய ப்ராஜெக்ட்' மெனுவில்
இன்னொரு வரி முளைக்கும்.
அதை அழுத்தினால் கோப்புறைகள் தாமாக வந்து
அதனதன் இடத்தில் உட்காரும்.
கையாலும் செய்யலாம்தான்.
செய்தேன், இரண்டு முறை.
ஏதோ ஒரு புள்ளி இடம் மாறி
நாற்பத்தொரு பிழை.

டானிங்டன் நிறுத்தத்தில், ஒற்றைக் கோடு சிக்னலில்,
மேட்டுப்பாளையத்துத் தஸ்தகீரைப் பிடித்தேன்.
"ஜிப்பா இறக்கி பென்டிரைவ்ல குடுத்து விடு.
வெர்ஷனைப் பாத்து எடு, என்னோடது பழசு."
"எவ்வளவு பழசு?"
"டீ பேக்டரி வாங்கிக் குடுத்தது."
"சரி, புரிஞ்சுது."

நான்காம் நாள் ஒருபக்கமாய் வழி விட்டார்கள்.
முதல் பஸ்ஸில் ஏறி வந்தது ப்ளக்இன்,
கண்டக்டர் பெள்ளிராஜின் தோல்பைக்குள்
சில்லறையோடு சில்லறையாக.
"இதுக்கு லக்கேஜ் போடணுமா, யோகமலர்?" என்றார்.
எட்டு எம்பி. போடலாம்.

'வட்டிலிருந்து நிறுவு'.
தனியாக வராதாம்.
அதற்குத் துணையாக ஒரு ஜார் வேண்டும்,
அந்தத் துணைக்கு இன்னொரு துணை.
மாமனுக்கு மட்டும் பத்திரிகை வைத்துவிட்டு
சித்தப்பா வாசலைக் கடந்தவள்போல்
திருதிருவென்று விழித்தேன்.
பென்டிரைவில் இரண்டாவதாக ஒரு கோப்புறை இருந்தது.
பெயர்: இதையும்_கேக்கும்.
தஸ்தகீர், நீ நல்லாயிருப்பாய்.

'மாற்றங்கள் நடப்புக்கு வர மறுபடி தொடங்கவும்.'
தொடங்கினேன். கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்திய கத்தலில்
கீழே முட்டைகோஸ் பாத்தியில் நின்ற காட்டெருமை
தலை தூக்கி என்னைப் பார்த்துவிட்டு
மறுபடி மென்றது.

ஒன்பதரைக்கு வெளிச்சம்.
மெனுவில் அந்த வரி.

குரூப் ஐடி என்ன என்று கேட்டது.
முகவரியைத் தலைகீழாகப் போடவேண்டுமாம்,
முதலில் நாடு, பிறகு கம்பெனி, கடைசியில் நீ.
புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள் என்று
வகுப்பில் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது.
நான் தடுமாறவில்லை.
ஊருக்கு ஓரெழுத்து, அப்பாவுக்கு ஓரெழுத்து,
அதற்குப் பின்னால் நான் என்று
ஒன்றாம் வகுப்பு முதல் எழுதி வருகிறேன்.

அடுத்தது ப்ராஜெக்டின் பெயர்.
பச்சை இலை எடை போடும் இடத்தில்
மழை நாளென்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு கிலோ
ஈரம் என்று கழிப்பார்கள்.
வெயில் வந்த பிறகும் சிலசமயம்
அந்தப் பன்னிரண்டு காய்வதில்லை.
எவ்வளவு, எதற்காக, எந்த மணிக்குக் கழித்தார்கள் என்று
துண்டுச் சீட்டில் அச்சாக வேண்டும்,
அவ்வளவுதான் நான் எழுதப்போவது.
மேனேஜர் 'பில்லிங் டூ' என்று வைக்கச் சொன்னார்.

ஈரம் என்று அடித்தேன்.
சிவப்புக் கோடு. இந்த எழுத்துகள் செல்லாது.
சரி, இங்கிலீஷ் எழுத்தில், ஈ இரண்டு போட்டு.
'முடி' என்ற பொத்தானை அழுத்தித்தான்
எதையும் ஆரம்பிக்க முடிகிறது இங்கே.

வந்து உட்கார்ந்தன எல்லாம்.
முதல் கிளாஸைத் திறந்தேன்.
சும்மா பார்க்கலாமே என்று, தமிழில்,
class ஈரம்.

காத்திருந்தேன்.
கோடு வரவில்லை.
வாசலில் நிறுத்துகிறவர்கள்தான் எழுத்தைப் பார்க்கிறார்கள்,
உள்ளே ஜாவாவுக்கு ஆட்சேபணை இல்லை.

ஓட்டினேன்.
கழிவு: 0.0 என்றது.
இன்னும் ஒன்றுமே எழுதவில்லை, அதனால்.
நாளைக்குக் காலை ஆறு மணிக்கு லாரி.
ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன்,
தூறுகிறதா.